சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்

லேசான மறதி டிமென்ஷியாவாக மாறுமா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கணித்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்தப் பரிசோதனை பார்ப்பது பி-டாவ்217, அதாவது அல்சைமர் என்ற மறதி நோயில் ரத்தத்தில் கூடும் ஒருவகை டாவ் புரதம். இது பெரிய முன்னேற்றம்தான். முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செலவு பிடிக்கும் பெட் ஸ்கேன். 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த லூமிபல்ஸ் பரிசோதனை, இந்த டாவ் புரதத்துக்கும் அமிலாய்டு 42 என்ற இன்னொரு புரதத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறது. ஆனால் அது சொல்வது மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்பதை மட்டுமே. டிமென்ஷியா எப்போது வரும், வருமா என்பதை அல்ல. சிலருக்கு முடிவு இரண்டுங்கெட்டானாக வரும், அப்புறம் ஸ்கேன்தான்.

கட்டுரையில் விட்டுப்போனது சிறுநீரகம். அது பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பி-டாவ் கூடுதலாகத் தெரியலாம். சர்க்கரை, பிரஷரோடு, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறிய பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குடும்பமே கலங்கிப்போகும்.

என் மாமியார் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவார், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார். டாக்டர் முதலில் பார்த்தது பி12, தைராய்டு. பி12 ரொம்பக் குறைவு. ஊசி போட்டு சில மாதங்களில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் பழையபடி அவர் கையில்.

அல்சைமருக்கான லெக்கனிமாப், டொனனிமாப் மருந்துகளைத் தொடங்க அமிலாய்டு இருப்பது உறுதியாக வேண்டும், அதற்கு இந்தச் சோதனை உதவும். ஆனால் மருத்துவர் பார்க்காமல், நேராக லேபுக்குப் போய் எடுக்க வேண்டியதில்லை. சிறுநீரக விஷயத்தை ஆசிரியர் கட்டுரையிலேயே சேர்த்துவிட்டால் நல்லது.