ஞாயிற்றுக்கிழமை 'திருட்டு விண்டோஸ்' என்று சொன்ன அண்ணனுக்கு

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நம் கட்டற்ற மென்பொருள் கூட்டத்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப் குழு வழியாக இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கல்லூரித் தம்பி பத்து நிமிடம் பேச ஆசைப்பட்டு, விண்டோஸ் நிரல்களை விண்டோஸ் இல்லாமலே ஓட்டுவதற்காக எழுதப்படும் ரியாக்ட்ஓஎஸ் என்ற இயங்குதளம் பற்றித் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். மூன்றாவது ஸ்லைடு வருவதற்குள் முன் வரிசையிலிருந்து, "இது திருட்டு விண்டோஸ்தானே தம்பி, இதையெல்லாம் நம்ம மேடையில ஏன்?" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

திருட்டு என்றால் அடுத்தவர் பொருளை எடுப்பது. ரியாக்ட்ஓஎஸ்காரர்கள் எதையும் எடுக்கவில்லை, எழுதுகிறார்கள். "இந்தக் கோப்பைத் திற" என்று ஒரு நிரல் விண்டோஸிடம் கேட்டால் என்ன பதில் வருகிறது, கோப்பு இல்லாவிட்டால் எந்தப் பிழை எண் வருகிறது என்று பார்த்து, அதே கேள்விக்கு அதே பதிலைத் தரும் நிரலைச் சொந்தமாக எழுதுவதுதான் அவர்கள் வேலை. பக்கத்து வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்து, அதே ருசி வரும்வரை நம் அடுப்பில் வைத்துப் பார்க்கிறோம். அவர்கள் வீட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது வேறு, இது வேறு.

1996-இல் ஃப்ரீவின்95 என்று ஆரம்பித்தார்கள். விண்டோஸ் 95-ஐ மறுபடி உருவாக்க வேண்டும் என்பது ஆசை. பேசிப் பேசியே காலம் போனது, வேலை நடக்கவில்லை. 1998-இல் ரியாக்ட்ஓஎஸ் என்று பெயரை மாற்றி, விண்டோஸின் இன்னொரு வரிசையான விண்டோஸ் என்டி-யைக் குறியாக வைத்து மறுபடி தொடங்கினார்கள். அந்த வரிசையில் வந்த விண்டோஸ் சர்வர் 2003-க்கு எழுதிய நிரலும், கருவிகளை இயக்கும் ட்ரைவரும் அப்படியே இதில் ஓட வேண்டும் என்பதுதான் நெடுநாளாக இலக்கு. பெரும்பாலும் சி மொழியில், யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில், பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள் எழுதியது.

"விண்டோஸின் மூலநிரலை, அதாவது அவர்கள் எழுதிய வரிகளை, பார்க்காமல் இப்படி எழுத முடியுமா?" என்று அடுத்து கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். 2004-இல் விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000 இரண்டின் மூலநிரலிலும் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தது. 2020-இல் விண்டோஸ் எக்ஸ்பி-யின் மூலநிரலே கசிந்தது. எடுக்க நினைத்தவனுக்குக் கதவு திறந்தே கிடந்தது. ரியாக்ட்ஓஎஸ் விதியைப் போய்ப் படித்துப் பாருங்கள்: கசிந்த விண்டோஸ் மூலநிரலைக் கண்ணால் பார்த்திருந்தாலே உங்கள் பங்களிப்பு ஏற்கப்படாது. ஆளே பற்றாத ஒரு திட்டம், வருகிற ஆளையும் இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்புகிறது.

2006 ஜனவரியில் அவர்களுக்குள்ளேயே ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. சில பகுதிகள் விண்டோஸைப் பிரித்துப் பார்த்து அப்படியே எழுதியவைபோலத் தெரிகின்றன என்றார். வெளியாள் யாரும் வழக்குப் போடவில்லை, நோட்டீஸ் அனுப்பவில்லை. இருந்தும் மூலநிரல் களஞ்சியத்தை மூடிவிட்டு, கோப்பு கோப்பாகத் தணிக்கை செய்ய உட்கார்ந்தார்கள். இனிமேல் பிரித்துப் பார்ப்பவர் குறிப்பு மட்டும் எழுத வேண்டும், அந்தக் குறிப்பை வைத்து வேறொருவர்தான் நிரல் எழுத வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். எந்தத் திருடன் அண்ணா தன் வீட்டைத் தானே சோதனை போடுவான்?

2019-இல் மைக்ரோசாஃப்டில் விண்டோஸின் உட்கருவான கர்னலில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், உள்ளே இருக்கும் பெயர்கள்கூட ஒத்துப்போகின்றனவே, இது காப்பிதான் என்று சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மைக்ரோசாஃப்டே பொதுவில் தரும், பிழை தேட உதவும் டீபக் குறிப்புகளிலும், ஹெடர் கோப்புகளிலும், புத்தகங்களிலும் அந்தப் பெயர்களில் பல வெளியாகியிருக்கின்றன என்று அவர்கள் பதில் சொன்னார்கள். நீங்கள் முதல் பாதியைப் படித்தீர்கள், இரண்டாம் பாதியை விட்டுவிட்டீர்கள்.

சரி, என்னை அதிகம் வருத்தியது இதெல்லாம் இல்லை. சொன்னது யார் என்பதுதான்.

2007-இல் எனக்கு முதல் உபுண்டு லினக்ஸ் சிடியைக் கையில் கொடுத்தவர் நீங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக வந்த சிடி. "யாரோ முகம் தெரியாதவங்க நமக்காக எழுதினது, பத்திரமா வச்சுக்க" என்றீர்கள். அந்த உபுண்டுவுக்குள் இருப்பது என்ன? 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், உபுண்டுவுக்குள் இருக்கும் பல நிரல்களைத் தந்த க்னூ திட்டத்தை அறிவித்தபோது அவர் சொன்னது, ஏடி அண்ட் டி-யின் யூனிக்ஸோடு பொருந்திப் போகும் ஒரு முழு இயங்குதளத்தைக் கட்டற்றதாக எழுதப் போகிறேன் என்பதுதானே? 'க்னூ யூனிக்ஸ் அல்ல' என்று பெயரிலேயே வைத்தார். காசுக்கு விற்ற ஓர் இயங்குதளத்தை மறுபடி எழுதித்தான் நம் வீடே கட்டியிருக்கிறது. யூனிக்ஸை மறுபடி எழுதினால் விடுதலை, விண்டோஸை மறுபடி எழுதினால் திருட்டா?

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு முன்னால், பிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தை மறுபடி எழுதும் ஹைக்கூ பற்றி நீங்களே அரை மணி நேரம் உருகிப் பேசினீர்கள். பிஓஎஸை உருவாக்கிய பி நிறுவனம் 2001-இல் பாம் நிறுவனத்துக்குக் கைமாறியபோது, பிஓஎஸ் அழிந்துவிடக் கூடாது என்று அதே ஆண்டு அதன் ரசிகர்கள் ஓபன்பிஓஎஸ் தொடங்கினார்கள், 2004-இல் அது ஹைக்கூ ஆனது, 2009-இல் முதல் ஆல்ஃபா, 2024-இல் ஐந்தாவது பீட்டா என்று எல்லாம் சொன்னீர்கள். "இதுதான் அண்ணா பக்தி" என்று நான்தான் முதலில் கைதட்டினேன். நிறுவனம் செத்த பிறகு எழுதினால் அஞ்சலி, உயிரோடு இருக்கும்போது எழுதினால் திருட்டு என்று எந்த நியாயம் சொல்கிறது? நிறுவனம் கைவிடும்வரை காத்திருந்தால், அதை நம்பி இருப்பவன் அதுவரை என்ன செய்வான்?

அந்த நம்பி இருப்பவன் என் சித்தப்பா. உடுமலைப் பக்கம் எடை மேடை வைத்திருக்கிறார். லாரி மேடையில் ஏறினால் எடைக் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு எண் வரும், ரசீது அச்சாகும். 2009-இல் வாங்கிய கணினி, எக்ஸ்பி. நிரலை எழுதிக் கொடுத்த நிறுவனம் எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நிரலின் சிடி மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தது, விண்டோஸ் சிடி இல்லை. சிபியூவின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த உரிமத் தாளில் எழுத்து அழிந்து ஐந்தாறு எண்கள்தான் மிச்சம். "காசு குடுத்து வாங்குனது கண்ணு, நாம பாட்டுக்கு ஓட்டிட்டு இருந்தோம், இப்ப ஏன் ஓட மாட்டேங்குது?" என்று கேட்டார். எக்ஸ்பி-க்கு ஆதரவு 2014-லேயே முடிந்துவிட்டது சித்தப்பா என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அவருக்கு முடியவில்லையே.

புது டிஸ்க் போட்டு ரியாக்ட்ஓஎஸ் ஏற்றினேன். ஒரே சிடியில் அடங்கிவிடுகிறது. அதே நீலத் திரை நிறுவல், அதே ஸ்டார்ட் பட்டன். சித்தப்பாவின் சிடியைப் போட்டதும் நிரல் திறந்தது. வண்டி எண், காலி எடை, மொத்த எடை என்று அதே சாம்பல் நிறக் கட்டங்கள். சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். மேடையில் லாரி நின்றது. எடைக் கட்டத்தில் பூஜ்ஜியம். மூன்று இரவு முயன்றேன், பூஜ்ஜியம்தான். கடைசியில் கோவையில் பழைய கணினி விற்கும் கடையில் எக்ஸ்பி இருந்த ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தேன்.

இதை நான் மறைக்கவில்லை. ரியாக்ட்ஓஎஸ் அங்கே தோற்றது. ஆனால் நான் பதிவு செய்த பக் (பிழை) அறிக்கைக்கு மறுநாளே எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். எந்த போர்ட், என்ன வேகம், லாக் அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஓர் எடை மேடைக்காக, சம்பளம் வாங்காத ஒருவர் அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். அவரையும் சேர்த்துத்தான் அண்ணா நீங்கள் திருடன் என்றீர்கள்.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் ஆல்ஃபா" என்று குழுவில் ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டிருந்தார். ஆமாம், ஆல்ஃபாதான், இன்னும் முடியாத சோதனைப் பதிப்புதான். அவர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 0.3.0 வந்தது 2006-இல், 0.4.0 வந்தது 2016-இல். 0.4.14-க்கும் 0.4.15-க்கும் நடுவில் மூன்று வருடத்துக்கு மேல். மைக்ரோசாஃப்ட் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ததை ஒரு சிலர் ராத்திரி கண்விழித்துச் செய்தால் இப்படித்தான் ஆகும். லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் ஒயினையும் இப்படித்தான் சொன்னார்கள். 1993-இல் தொடங்கி 1.0 வர 2008 ஆனது, பதினைந்து வருடம். 2018-இல் வால்வ் என்ற கேம் நிறுவனம் அதை வைத்துத்தான், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைச் செய்தது. இன்றைக்கு லினக்ஸில் விண்டோஸ் கேம் ஆடுகிறவர்கள் அந்தப் பதினைந்து வருடத்தின் மேல்தான் உட்கார்ந்து ஆடுகிறார்கள். ரியாக்ட்ஓஎஸ்ஸும் ஒயினின் நிரலைத்தான் நிறையப் பயன்படுத்துகிறது.

"ஒயின் இருக்கிறதே, பிறகு இது எதற்கு?" என்பதற்கு ஒரே வரி: கருவிகளுக்கான விண்டோஸ் ட்ரைவர் ஒயினில் ஓடாது. பழைய கருவி வைத்திருப்பவனிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நானும் யோக்கியன் இல்லை. 2012-இல் என் முதல் லேப்டாப்பை, விண்டோஸுக்கு முந்தைய எழுத்துத் திரை இயங்குதளமான டாஸ் போட்டது என்று சொல்லி வாங்கினேன். விண்டோஸ் இல்லாததால் விலை குறைவு. கடையில் திறந்து காட்டினார்கள்: கறுப்புத் திரை, ஒரு சி எழுத்து, மின்னும் சின்னக் கோடு. அடுத்த நிமிடம் அதை அழித்துவிட்டு கிராக் போட்ட விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன். நம்மில் எத்தனை பேர் அப்படி வாங்கியிருக்கிறோம்! அந்தக் கறுப்புத் திரை ஃப்ரீடாஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1994-இல் ஜிம் ஹால் என்ற இயற்பியல் மாணவர், மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸை விட்டுவிடப் போகிறது என்று அறிந்து, நாமே ஒன்றை எழுதலாம் என்று அறிவித்துத் தொடங்கியது அது. 1.0 வர 12 வருடம் பிடித்தது. அவர்கள் எழுதியதை ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டு, நிஜமாகவே திருடிய ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். சொந்தமாக உட்கார்ந்து எழுதுகிறவர்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் உரிமம் வாங்கிய விண்டோஸ் இருக்கிறது?

மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தவர்களின் உழைப்புக்கு மரியாதை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அவர்கள் எழுதியது அவர்களுடையதுதான். ஆனால் கோப்பு எப்படித் திறக்கும், ஜன்னல் எப்படி மூடும் என்ற வழக்கம் இத்தனை வருடத்தில் என் சித்தப்பாவுடையதும் ஆகிவிட்டது. இதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியவில்லை.

அந்தத் தம்பிக்கு நேற்று போன் செய்தேன். இனி கூட்டத்துக்கு வரவில்லை என்றான். அரை மணி நேரம் பேசி, அடுத்த மாதம் ஒரு தடவை வா என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். சித்தப்பாவின் அந்தப் பழைய சிபியூவை நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறேன். ரியாக்ட்ஓஎஸ் 0.4.15-ஐ முன் வரிசைக்கு எதிரில் வைத்து அவன் ஏற்றிக் காட்டுவான். அண்ணா, நீங்கள் அதே நாற்காலியில் உட்காருங்கள். மூன்றாவது ஸ்லைடைத் தாண்டும்வரை மட்டும் அவனைப் பேச விடுங்கள்.