கோடு தெரியுதா? ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க

அம்மாவுக்கு இடுப்பு வலி. மூணு மாசமா அக்குபங்சர் போறாங்க. போய்ட்டு வர்ற அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குறாங்க, எனக்கு அது போதும். போன வாரம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாங்க. வாட்ஸ்அப்பில் வந்த படம். ஒரு ஆளின் முதுகும் காலும் நீலமும் பச்சையுமாக, நடுவில் சிவப்பாக ஒரு கோடு. கீழே, "சீனர்கள் அன்றே சொன்ன சக்தி நாளம், இன்று தெர்மல் கேமராவில் நிரூபணம்!"

"நீ இந்தக் கேமராவ வெச்சுத்தானே பொழப்பு நடத்துற, இதுக்கு என்ன சொல்ற?"

நியாயமான கேள்வி. சீன மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் பதினோரு வருஷமாகத் தெர்மல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆலை ஆலையாகப் போய் எலெக்ட்ரிக்கல் பேனல் பார்க்கிறவன் நான். எங்கே லூஸ் கான்டாக்ட், எந்த ஃப்யூஸ் சூடாகிறது என்று சொல்வதுதான் வேலை. அதனால் கேமராவைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேனலில் பளபளவென்றிருந்த செம்பு பஸ்பாரில் (மின்சாரம் பாயும் பட்டை) வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. ஹாட் ஸ்பாட் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லைனை நிறுத்தித் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நட்டு போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது. சீனியர் திட்டவில்லை. மறுபடி கேமராவை என் கையில் கொடுத்து, "ரெண்டடி தள்ளி நின்னு பாரு" என்றார். தள்ளினேன். பொட்டும் என்னோடு தள்ளி வந்தது! எனக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பு அது. பளபளப்பான உலோகம் இந்தக் கேமராவுக்குக் கண்ணாடி மாதிரி. அன்றைக்கு நின்ற உற்பத்திக்கு நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

இந்தக் கேமரா உடம்புக்குள்ளே எதையும் பார்ப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே வேறு, இது வேறு. வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் கண்டுபிடித்த அகச்சிவப்புக் கதிர்தான் இதற்கு மூலதனம். தோலின் மேற்பரப்பிலிருந்து வரும் கதிரை அளந்து வெப்பநிலையாக மாற்றிக் காட்டும், அவ்வளவுதான். நிறங்கள் உடம்பில் இல்லை, கேமராவுக்குள் இருக்கிற மென்பொருளில் இருக்கின்றன. ஸ்பேன் என்று ஒரு செட்டிங் உண்டு. எத்தனை டிகிரிக்குள் எல்லா நிறங்களையும் பரப்புவது என்பதுதான் அது. அதை 20 டிகிரிக்கு விரித்து வைத்தால் முழங்கை முழுக்க ஒரே மஞ்சள். 2 டிகிரிக்குச் சுருக்கினால் அதே கையில் ஆறும் மலையும் தெரியும். கை மாறவில்லை, நான் பட்டனை அமுக்கினேன். ஆட்டோவில் விட்டால் கேமரா தானே சுருக்கிக்கொள்ளும். படத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலை வெட்டிவிட்டு ஃபார்வர்டு பண்ணினால் 1 டிகிரி வித்தியாசம்கூட எரிமலை மாதிரி தெரியும். அம்மாவுக்கு வந்த படத்தில் அளவுகோல் இல்லை.

சரி, யாரும் ஒழுங்காக ஆராயவே இல்லையா? ஆராய்ந்திருக்கிறார்கள். சீனாவில் புஜியான் மாகாணத்தில் ஹூ ஷியாங்லொங் என்பவரின் குழு, மெரிடியன் (அம்மாவின் படத்தில் சொன்ன அந்தச் சக்தி நாளம்) செல்லும் வழியிலேயே அகச்சிவப்புத் தடங்கள் தெரிகின்றன என்று 1990-களிலேயே எழுதியது. ஜெர்மனியில் ஷ்லேபுஷ், பாப் முதலானவர்கள் மாக்சா கொளுத்தி (மாசிப்பத்திரி இனத்துச் செடியின் இலையைக் காயவைத்துச் சுருட்டி, தோலுக்குப் பக்கத்தில் பிடித்து எரிப்பார்கள்) அகச்சிவப்புக் கேமராவில் மெரிடியன் அமைப்பையே பார்த்துவிட்டோம் என்று 2005-இல் எழுதினார்கள். இணையத்தில் சுற்றும் பாதிப் பெருமை இந்தக் கட்டுரையைச் சொல்லித்தான்.

அதே 2005-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கெர்ஹார்ட் லிட்ஷர் அதே மாதிரி மாக்சா சூட்டை வைத்து, அகச்சிவப்புக் கேமராவில் திரும்பச் செய்து பார்த்தார். அக்குபங்சருக்கு எதிரி இல்லை அவர், அந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்கிறவர். கோடுகள் அவருக்கும் வந்தன. ஆனால் அவை மெரிடியன் இல்லை, அளவிடும் முறை உண்டாக்கிய பொய்த் தடங்கள் என்று முடிவு எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு என் சீனியர் ஞாபகம்தான். ரெண்டடி தள்ளி நின்று பார்த்த மனுஷன்.

இதைவிட எனக்குப் பிடித்தது பிரான்ஸ் கதை. 1985-இல் பாரிஸில் டெ வெர்னெஜூல் குழு, அக்குபங்சர் புள்ளிகளில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, காமா கேமராவில் பார்த்தது. மருந்து கோடாக நகர்ந்தது. மெரிடியன் கிடைத்துவிட்டது என்று ஒரே கொண்டாட்டம். சில வருஷத்தில் வேறு பிரெஞ்சு மருத்துவர்கள் அதையே செய்து, அந்தக் கோடு சாதாரண சிரைதான், ஊசி போட்ட இடத்து மருந்தை ரத்தம் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போகிறது என்று காட்டிவிட்டார்கள்.

சிரை என்றதும் நம் கேமராவுக்கு வருவோம். சனிக்கிழமை சைட் முடிந்து நேரே வீட்டுக்கு வந்ததால் கேமரா பையிலேயே இருந்தது. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, மணிக்கட்டு வரை கையை முக்கி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முன்னங்கையில் கட்டைவிரல் பக்கமாக ஒரு வெளிர்க்கோடு மெல்ல மேலே ஏறியது. அம்மா கத்தினாங்க, "அதோ! கோடு!"

உள்ளங்கையில் சூடான ரத்தம் சிரை வழியே மேலே போகிறது, சிரை தோலுக்கு அடியிலேயே இருப்பதால் மேலே தோல் சூடாகிறது. விஷயம் அவ்வளவுதான். அந்தச் சிரைக்குப் பெயர் செபாலிக். சீனப் படத்தில் நுரையீரல் மெரிடியன் கையில் இறங்கும் இடமும் ஏறக்குறைய அதே பக்கம்தான்! காலின் உட்புறம் ஏறும் பெரிய சிரையும், அங்கே வரைந்திருக்கும் மண்ணீரல் மெரிடியனும் அப்படியே பக்கத்து வீட்டுக்காரர்கள். கோட்டை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறவனுக்கு உடம்பு தாராளமாகக் கோடு கொடுக்கும்.

எந்தக் கோட்டைத் தேடுகிறோம் என்பதும் லேசான கேள்வி இல்லை. சாங்ஷா நகரில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-இல் மூடிய கல்லறை ஒன்றை 1973-இல் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அதில் இருப்பது 11 நாளங்கள், புள்ளிகளே கிடையாது. பிற்கால நூல்களில் 12 ஆகிறது, இன்னும் இரண்டு சேர்த்து 14 என்கிறார்கள். பழைய மருத்துவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, யோசித்து, திருத்தித் திருத்தி எழுதியது இது. எனக்கு அந்த உழைப்பின் மேல் மரியாதை உண்டு. அதைக் கேமராவில் பிடித்துவிட்டோம் என்று சொல்வதுதான் அவர்களைக் கேலி பண்ணுகிற மாதிரி இருக்கிறது.

"அப்ப என் வலி குறையறது பொய்யா?" அம்மா கேட்டாங்க. கேட்பாங்கன்னு தெரியும்.

இல்லைம்மா. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. முறையாகப் புள்ளி பார்த்து ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல பலன். வழக்கமான சிகிச்சையில் 27.4 தான். வேடிக்கை என்னவென்றால், மெரிடியனை விட்டு விலகி, புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களில் 44.2. ஊசி ஏதோ செய்கிறது, எதிர்பார்ப்பும் படுக்கையும் ஊசி போடுகிறவரின் கனிவான பேச்சும் ஏதோ செய்கின்றன. கோடு என்ன செய்கிறது என்பதற்குத்தான் அங்கே ஆதாரம் காணோம்.

தெர்மல் கேமராவால் மருத்துவத்தில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக் சர்ஜன்கள் தோலைக் குளிர்வித்துவிட்டு, எந்த இடம் முதலில் சூடாகிறது என்று இதில் பார்த்தே, அடியிலிருந்து மேலே வரும் குட்டித் தமனிகளைக் குறித்துக்கொள்கிறார்கள். அது உருப்படியான வேலை. ஆனால் இதே கேமராவைக் காட்டி மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறோம், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேண்டாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலேயே எச்சரித்த விஷயம் அது. நாளக் கோட்டை நம்புவதால் பெரிதாக நஷ்டமில்லை, இதை நம்பினால் உயிர் போகும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தும் அம்மா சமாதானம் ஆகவில்லை. கடைசியாக அவங்க கையைப் பிடித்துச் சுவரில் பத்து விநாடி அழுத்தி வைத்து எடுக்கச் சொன்னேன். கேமராவில் காட்டினேன். சுவரில் ஐந்து விரலும் ரேகை மாதிரி பளிச்சென்று எரிந்தது, பிறகு மெதுவாகக் கரைந்தது.

"சுவத்துக்கும் நாளம் இருக்காம்மா?"

"போடா." ஆனா திரும்ப ரெண்டு தடவை கையை வெச்சு எடுத்துப் பாத்தாங்க.

திங்கட்கிழமை ரிப்போர்ட் எடுக்கும்போது அந்தப் படத்தை அழிக்க மறந்துட்டேன். ஆபீஸ் பையன் கேட்கிறான், "அண்ணே, இது எந்த பேனல்?"