மடங்குவதற்குக் கொடுக்கும் விலை

நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மடக்குக் கத்தி வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கத்தி மற்றதைவிட நன்றாக வெட்டும் என்று சொல்கிறவர்களோடும் இல்லை. அந்தப் பணம் கத்தியில் எந்த இடத்துக்குப் போகிறது என்று இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டால் சண்டை பாதி அடங்கிவிடும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செபென்சா என்று ஒரு கத்தி. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் ரீவ் 1989-ல் அமெரிக்காவுக்குக் குடிபோய், ஐடஹோ மாநிலத்தில் பாய்சி என்ற ஊரில் பட்டறை போட்டார். அங்கே தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இந்தக் கத்தி வருகிறது. இன்றைக்கு அந்த ஊரிலேயே 450 டாலருக்கு மேல், நான் சொன்ன நாற்பதாயிரம் இதுதான். டெக்சாஸில் இருக்கும் என் மச்சினன் லீவுக்கு வந்தபோது பெட்டியில் போட்டு ஒன்று கொண்டுவந்திருந்தான். அவன் ஊரில் இருந்தவரை அது பெரும்பாலும் என் கையில்தான் இருந்தது.

பிடி என்பது இரண்டு டைட்டானியம் தகடு. அதில் ஒரு தகட்டில் நீளமாக ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள். வெட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பாகமே வில் மாதிரி உள்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். கத்தியைத் திறந்ததும் அந்த நாக்கு நகர்ந்து வந்து கத்தியின் அடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். அதை விரலால் ஒதுக்கினால்தான் கத்தி மடங்கும். பூட்டு என்று தனியாக ஒரு சாமான் கிடையாது, பிடியே பூட்டு. இந்த முறையைக் கொண்டுவந்தவர் ரீவ்தான். அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. அச்சாணிக்கு இரண்டு பக்கமும் வெண்கல வாஷர். திறக்கும்போது சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தாலும் அசையாது.

இதைத் திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கிறவர், அறுபதைத் தாண்டியவர். நான் எதிர்பார்த்தது மாதிரி அவர் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தொட்டுப் பார்க்கவில்லை. கத்தியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பிடிக்கும் கத்திக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையே ரொம்ப நேரம் பார்த்தார். "ஏ தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே சந்தால்லா விட்டிருக்கான். எப்படிய்யா இழைச்சான் இத?" என்றார். திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். அப்புறம்தான் வாயைக் கட்டைவிரலால் தடவினார். "வேலைன்னா இது வேலை. ஆனா வாய் கனமால்லா இருக்கு. இத வச்சி சீவ முடியாது."

நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த இரண்டு பேச்சிலும் இருக்கிறது. அந்த 450 டாலரில் பெரும்பங்கு மூட்டுக்கும் பூட்டுக்கும் போகிறது. டைட்டானியத்தைக் கடைவதே சிரமமான வேலை. அதை மயிரிழை பிசகாமல் கடைந்து, ஒவ்வொரு கத்தியையும் ஆள் வைத்துப் பொருத்திச் சரிபார்க்கிறார்கள். அந்தக் கூலிக்கு அந்த விலை நியாயம். ஆனால் அந்த மூட்டால் வெட்டு நன்றாக விழும் என்று நினைத்தால், அப்படி இல்லை. கத்தியின் முதுகு சுமார் 3 மில்லிமீட்டர் கனம். பூட்டு நாக்கு வந்து அழுத்தி நிற்க அகலமான அடி வேண்டும், பக்கவாட்டில் ஆடாமல் இருக்கக் கனமும் வேண்டும். பூட்டை நம்பகமாக்கும் அதே கனம், வெட்டும் பொருளுக்குள் கத்தி இறங்கும்போது தடையாக நிற்கிறது.

பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் செய்ய ஆரம்பித்த கத்தியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீச் மரப்பிடி, 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடு, கழுத்தில் ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தைத் திருகினால் பூட்டு. வளையமே 1955-ல்தான் வந்தது, அதுவரை பூட்டே கிடையாது. அந்த ஊரில் விலை பதினைந்து யூரோவை ஒட்டித்தான். மாங்காயோ கேரட்டோ அறுத்துப் பாருங்கள், ஒப்பினெல் சத்தமில்லாமல் இறங்கும். செபென்சா பாதி வழியில் கேரட்டைப் பிளந்துவிடும்.

சரி, எஃகு? விலை கூடிய கத்திக்காரர்கள் அடுத்து அதைத்தான் எடுப்பார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. உருக்கிய எஃகை வாயுவால் தெளித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி ஒரே கட்டியாக்குகிறார்கள். அதனால் உள்ளே இருக்கும் கார்பைடு என்ற கடினமான துகள்கள் சின்னதாகவும் சீராகவும் அமையும். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் உருவாக்கி 2021-ல் வந்த மேக்னாகட் இந்த வகை. மச்சினன் கத்தியும் அதுதான். துருப் பிடிக்காமல் இருப்பது, உடையாமல் இருப்பது, கூர் நிற்பது மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த எஃகு. அட்டைப்பெட்டியாக அறுத்துத் தள்ளினாலும் கூர் லேசில் போகாது. அதற்கு நான் மனதாரத் தலை வணங்குவேன்.

ஆனால் ஒரு நாள் மழுங்கத்தான் செய்யும். அன்றைக்கு என்ன செய்வீர்கள்? இந்த எஃகில் இருக்கும் வனேடியம் கார்பைடு நம் வீட்டுச் சாணைக்கல்லைவிடக் கடினம். வைரத்தூள் பதித்த கல் வேண்டும், பொறுமையும் வேண்டும். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பொறி பறக்கும், வாய் சூடேறும், பதம் போய்விடும். விக்டோரினாக்ஸ் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஃகை ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 56-ஓடு நிறுத்தியிருக்கிறார்கள். அதைவிடக் கடினமாக்கத் தெரியாத கம்பெனி இல்லை அது. வாங்கினவன் வீட்டுக் கல்லிலேயே நாலு இழுப்பில் கூர் திரும்ப வேண்டும் என்றுதான் அந்த அளவு என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் சீமையில் கத்தியை வைத்துச் செய்வதிலேயே நுணுக்கமான வேலை எது என்று கேட்டால் பதநீருக்காகப் பனம்பாளை சீவுவதைத்தான் சொல்வேன். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். பனையேறி மரத்து உச்சியில் ஒரு கையால் பாளையைப் பிடித்துக்கொண்டு நுனியில் தாள் கனத்துக்கு ஒரு சீவு சீவுவார். கூர் கொஞ்சம் குறைந்தாலும் பாளை நசுங்கும், பதநீர் வடிவது நின்றுபோகும். காலையிலும் சாயங்காலமும் இதே வேலை. அவர் கையில் இருக்கும் பாளை அரிவாள் உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது, சாதாரண கார்பன் எஃகு. அதன் கூர் மாதக்கணக்கில் நிற்காது, நிற்கவும் வேண்டியதில்லை. மரம் ஏறுமுன் பலகையில் கல்பொடி தூவி நாலு தீட்டுத் தீட்டினால் சவரக்கத்தி மாதிரி ஆகிவிடும்.

வாழைத் தோட்டத்துக்கு வந்தால் மடக்குக் கத்தியின் கஷ்டம் வேறு. மச்சினன் ஆசைப்பட்டு அந்தச் செபென்சாவை வைத்துத் தாரிலிருந்து சீப்பு அறுத்துக்கொண்டிருந்தான். வாழைக்கறை வாய் வழியாக வழிந்து மூட்டுக்குள் இறங்கிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் கறுத்து, கோந்து மாதிரி இறுகி, கத்தி பாதி திறந்ததோடு நின்றது. அந்தக் கம்பெனியைப் பாராட்ட வேண்டும், வாங்கினவரே கழற்றிப் பூட்டும்படி செய்து, அதற்கான சின்னச் சாவியையும் கூடவே கொடுக்கிறார்கள். திண்ணையில் துணி விரித்து, திருகு ஒன்றும் உருண்டு போகாமல் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்துத் திரும்பப் பூட்டினோம். பக்கத்தில் தோட்டத்து ஆள் தன்னுடைய வளைந்த கத்தியை வாய்க்கால் தண்ணீரில் அலசி, வாழைச் சருகில் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கத்தியை மடக்குவது எதற்கு? சட்டைப்பையில் வைக்கத்தான். அமெரிக்காவில் அப்படித் தினமும் கூடவே வைத்திருப்பது ஒரு பழக்கம், அதற்கென்றே ஒரு உலகம் இருக்கிறது. இங்கேயும் வெற்றிலைப் பையில் பாக்கு சீவ ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்த தாத்தாக்கள் உண்டு. இன்றைக்கு நிலைமை அது இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தால் யாரும் தப்பு சொல்வதில்லை. இந்த ஊரில் நின்றுகொண்டு, தினமும் சட்டைப்பையில் கத்தி வைத்துக்கொள்ளுங்கள் என்று இளவட்டங்களுக்கு ஆசை காட்டி எழுத எனக்கு மனசு வராது. சட்டைப்பையில் வைக்கப் போவதில்லை என்றால் அந்த மூட்டுக்குக் கொடுக்கும் முப்பதாயிரம் நமக்கு எந்த விதத்திலும் உதவாது.

கடற்கரை மட்டும் விதிவிலக்கு. உவரி, இடிந்தகரை பக்கம் உப்புக் காற்றில் கார்பன் எஃகு ஒரே ராத்திரியில் துருவேறிவிடும். ஸ்பைடெர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் சால்ட் வகைக் கத்திகளில் எச்1 என்று ஒரு எஃகு போட்டார்கள். அதில் கார்பன் ரொம்பக் குறைவு, சூடாக்காமலே உருட்டி அழுத்திக் கடினமாக்கியது, கடல் தண்ணீரில் கிடந்தாலும் துருப் பிடிக்காது. வலையில் சிக்கின கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறந்து அறுக்க வேண்டியவருக்கு அந்த விலை தகும். அதுவும் செபென்சா விலையில் பாதிகூட வராது.

வேலைக்கு வேண்டாம், வேலைப்பாட்டுக்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்கு வழக்கு இல்லை. பத்தமடையில் கோரையை நூல் மாதிரிக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய் ஆயிரக்கணக்கில் விலை போகிறது. சாதாரணப் பாயைவிட அதில் தூக்கம் நன்றாக வரும் என்று யாரும் சொல்வதில்லை, நெய்தவர் கைக்குத்தான் காசு. மச்சினன் கத்தியையும் அப்படித்தான் நான் மதிக்கிறேன்.

எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிக்கை வந்ததும் நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். அதே நாம்தான் அறுநூறு ரூபாய் அரிவாளுக்கு ஐம்பது குறையுங்கள் என்று ஆசாரியிடம் நிற்கிறோம். பாய்சியில் இருப்பவரிடம் அப்படிப் பேரம் பேச யாருக்காவது தோன்றுமா? தோய்ச்சல் போடும்போது இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்கிற மனிதர் நம் ஆசாரி. இவருடைய மகன் கோயம்புத்தூரில் லேத் வேலைக்குப் போய்விட்டான்.

செபென்சாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஆசாரி, "பூட்டெல்லாம் வேண்டாம்னா, மெல்லிசா ஒரு மடக்குக் கத்தி நானே அடிச்சித் தருவேன்" என்றார். செய்யச் சொல்லியிருக்கிறேன். பிடிக்குக் கருவேல மரம், ஒப்பினெல் அளவுக்குத் தகடு, கழற்றித் துடைக்கிற மாதிரி ஒரே ஆணி. என்ன விலை என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஐயாயிரம் சொன்னாலும் எண்ணி வைத்துவிட்டுத்தான் வருவேன்.