கடைசி ஏழு நிமிடத்துக்குத் தனிச் சட்டம் உண்டா?

2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரக் கார் பந்தயத்தின் முடிவில் ரிக்கி டெய்லர் முந்திய விதம் சரியா தவறா என்ற சண்டை, கார் பந்தய ரசிகர்களிடையே இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நானும் அந்தச் சண்டையில் நெடுநாள் டெய்லரின் பக்கம் நின்று வாதாடியவன்தான். இப்போது என் கருத்து மாறிவிட்டது. அதற்குக் காரணம் ஓட்டுநர்கள் இருவரில் யார்மீதும் எனக்கு வந்த கோபமோ பரிவோ அல்ல. நாம் அனைவரும் இத்தனை ஆண்டுகளாகத் தவறான கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜனவரியில்தான் காடிலாக் தன் புதிய டிபிஐ காரை (அத்தொடரின் மிக வேகமான முதன்மைப் பிரிவுக்கான கார்) முதன்முதலாகப் பந்தயத்தில் இறக்கியிருந்தது. இரவெல்லாம் மழை, கடுங்குளிர், முந்தக் கூடாது, மெதுவாகப் போங்கள் என்று காட்டும் மஞ்சள் கொடிக்குப் பின்னால் ஊர்ந்த நெடுநேரம் எல்லாம் கடந்து, வெற்றிக்காக மிஞ்சி நின்றவை இரண்டும் அதே காடிலாக் கார்கள்தான். முன்னே 5ஆம் எண் காரில் போர்த்துகல் நாட்டவரான ஃபிலிப்பே ஆல்புகெர்க்கி, பின்னே 10ஆம் எண் காரில் டெய்லர். ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் மிச்சமிருந்தபோது முதல் வளைவு வந்தது. சாய்தளத்தில் முழு வேகத்தில் பாய்ந்து வரும் கார்கள் அங்கே திடீரென்று பிரேக் பிடித்து, இடதுபுறம் திரும்பி, மைதானத்தின் உட்பகுதிக்குள் இறங்க வேண்டும். ஆல்புகெர்க்கி வழக்கமான தடத்தில் வெளிப்பக்கமாக வந்தார். டெய்லர் தாமதமாகப் பிரேக் பிடித்து உள்பக்கம் நுழைந்தார். ஆல்புகெர்க்கி வளைவுக்குள் திரும்ப, இரண்டு கார்களும் உரசிக்கொண்டன. 5ஆம் எண் கார் சுழன்றது. 10ஆம் எண் கார் போய்விட்டது. பந்தய நிர்வாகம் அதை ஆராய்ந்து, நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்தது. கொடி விழுந்தபோது இரண்டு கார்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி 0.671 நொடி.

டெய்லர் தரப்பின் வாதம் எளிமையானது. உள்பக்கம் ஒரு கார் அகலத்துக்கு இடம் இருந்தது, அவர் அதில் நுழைந்தார், முன்னே போனவர் கண்ணாடியைப் பார்க்காமல் கதவைச் சாத்துவதுபோல் வழியை அடைத்தார் என்பார்கள். ஆல்புகெர்க்கி தரப்போ, வெகுதூரத்திலிருந்து பாய்ந்து வந்தவர் திருப்பம் தொடங்கும் கணத்தில் பக்கவாட்டில் போதிய அளவு வந்து சேர்ந்திருக்கவில்லை என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டியும் நிறுத்தியும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறோமோ அதற்கேற்பத் தீர்ப்பும் மாறிவிடுகிறது. டெய்லரின் காருக்குள்ளிருந்து எடுத்த காட்சியில் இடைவெளி அகலமாகத் தெரிகிறது; வெளிக் கேமராவில் பார்த்தால் அது மூடிக்கொண்டே வருகிறது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் தவறாமல் ஃபார்முலா ஒன் சாம்பியன் அயர்டன் சென்னாவை இழுத்து வருவார். இடைவெளி தெரிந்தும் அதில் நுழையாதவன் பந்தய ஓட்டுநரே அல்ல என்று சென்னா சொன்னதாக எழுதுவார். அதற்கு நூறு பேர் கைதட்டுவார்கள். 1990இல் ஜப்பானின் சுஸுகா தடத்தின் முதல் வளைவில் தன் போட்டியாளர் அலென் ப்ரோஸ்ட்டின் கார்மீது மோதி, அதனால் உலகப் பட்டத்தையும் வென்றபின் சென்னா தன்னைத் தற்காத்துக்கொள்ளச் சொன்ன வாசகம் அது. அந்த மோதல் தற்செயலானதல்ல என்பதை அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். டெய்லரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இதைவிட மோசமான சாட்சியைத் தேடிப் பிடிக்க முடியாது.

யார் தவறு என்பதை முழுத் துல்லியமாக எவராலும் நிறுவ முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இதே உரசல் பந்தயத்தின் மூன்றாவது மணி நேரத்தில் நடந்திருந்தால் அதே தீர்ப்பு வந்திருக்குமா? முன்னணியில் போகிற காரைப் பின்னாலிருந்து தொட்டுச் சுழற்றிவிட்டு இடத்தைப் பிடித்தவரைப் பிட் பாதை (கார்கள் எரிபொருளுக்கும் பழுதுக்கும் ஒதுங்கும் தடம்) வழியாக மெதுவாகக் கடந்து போகச் சொல்லியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். எஞ்சியிருக்கும் இருபத்தொரு மணி நேரத்தில் அந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம் என்பதால் யாருக்கும் மனம் உறுத்தியிருக்காது. கடைசி ஏழு நிமிடத்தில் அதே தண்டனை வெற்றியையே பறித்துவிடும் என்பதால் நடுவர்களின் கை தயங்குகிறது, ‘ரேஸிங் இன்சிடென்ட்’, அதாவது யார்மீதும் குற்றமில்லாத பந்தய நிகழ்வு, என்ற சொல் வசதியாக வந்து நிற்கிறது. செயலைப் பார்த்து விதிக்க வேண்டிய தண்டனையைக் கடிகாரத்தைப் பார்த்து விதித்தால், முடிவு நெருங்க நெருங்க மோதுவதற்கான விலை குறைந்துகொண்டே போகும். ஓட்டுநர்கள் முட்டாள்கள் அல்லர். இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

என் மனத்தை மாற்றியது அந்த 0.671 நொடிதான். வளைவில் சுழன்று, வேகம் முழுவதையும் இழந்து, மறுபடி கிளம்பிய ஒருவர் கடைசியில் ஒரு நொடிகூடப் பின்தங்கவில்லை. அதாவது, வெற்றியைப் பறிக்காமல் ஏதோ ஒரு சிறு தண்டனை கொடுத்திருக்கலாமே என்ற சமாதானத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரே ஒரு நொடியைச் சேர்த்திருந்தாலும் வென்றவர் மாறியிருப்பார்.

நெடுநேரப் பந்தயங்களுக்கான உலக எண்டுயூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் இதற்கு ஒரு விலைப்பட்டியல் இருப்பதுபோல் தோன்றும். 2024இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், இறுதிக் கட்டத்தில், மல்சான் வளைவில் அலெஸாண்ட்ரோ பியர் கைடியின் 51ஆம் எண் ஃபெராரி, பிரெண்டன் ஹார்ட்லி ஓட்டிய 8ஆம் எண் டொயோட்டாவைத் தொட்டுச் சுழற்றியது. தண்டனை ஐந்து நொடி. பந்தயம் முடிந்தபோது ஃபெராரி மூன்றாம் இடத்தில் இருந்தது, டொயோட்டா ஐந்தாம் இடத்தில். அமெரிக்கத் தொடரின் விதிகளும் இந்தத் தொடரின் விதிகளும் வேறு என்பதை அறிவேன். ஆனால் தண்டனையே இல்லை என்ற தீர்ப்புக்கும் ஐந்து நொடி என்ற தீர்ப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு: இரண்டுமே சுழன்றவருக்கு எதையும் திருப்பித் தரவில்லை.

ஆகவே நான் ஆதரிப்பது பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் முறையை. அப்படிச் செய்யும்போது, யார் எத்தனை விழுக்காடு தவறு என்று நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. மோதலால் கிடைத்த இடம் உனக்கில்லை, மீண்டும் முயன்று முறையாக முந்திக்கொள் என்று சொன்னால் போதும். டேடோனாவில் அப்படி உத்தரவிட்டிருந்தால், ஏழு நிமிடத்தில் டெய்லருக்கு மேலும் இரண்டு மூன்று வாய்ப்புகளாவது கிடைத்திருக்கும், நமக்கும் ஓர் உண்மையான இறுதிச் சண்டை கிடைத்திருக்கும்.

இந்த முறையும் பழுதற்றது அல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. 2021 பஹ்ரைன் எட்டு மணி நேரப் பந்தயம் அதைக் காட்டிக்கொடுத்தது. சாலைக் கார்களை ஒத்த பந்தயக் கார்களுக்கான ஜிடிஇ ப்ரோ பிரிவின் பட்டம் யாருக்கு என்பது தீர்மானமாக வேண்டிய அந்த நாளில், ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்கள் மிச்சமிருக்கையில், அதே பியர் கைடியின் ஃபெராரி முன்னே போன மைக்கேல் கிறிஸ்டென்சனின் போர்ஷேயை இடித்துச் சுழற்றியது. இடத்தைத் திருப்பிக் கொடு என்று கட்டுப்பாட்டு அறை உத்தரவிட்டது. ஃபெராரி வேகத்தைக் குறைத்த நேரத்தில் போர்ஷே எரிபொருளுக்காகப் பிட்டுக்குள் போய்விட்டது. பிறகு அந்த உத்தரவே விலக்கிக்கொள்ளப்பட்டது, ஃபெராரி வென்றது, பட்டமும் அவர்களுக்கே போனது. இதைக் காட்டி என் யோசனையே செல்லாது என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அங்கே பிழை உத்தரவில் இல்லை. பிட்டுக்குப் போகிற காருக்கு அந்த உத்தரவை எப்படிப் பொருத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காததுதான். இழந்த இடத்துக்கு ஈடான நொடிகளைக் கணக்கிட்டு, இடித்தவரின் அடுத்த பிட் நிறுத்தத்திலோ இறுதி நேரத்திலோ சேர்த்துவிடுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

கடைசியாக, ‘அவர்களே சமாதானமாகிவிட்டார்கள், உங்களுக்கு என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மைதான், 2021இல் ஆல்புகெர்க்கி 2017இல் 10ஆம் எண் காரை இறக்கிய அதே டெய்லர் குடும்பத்தின் அணியில் சேர்ந்தார். அதே 10ஆம் எண், ஆனால் இம்முறை அக்யூரா கார். ரிக்கி டெய்லர், எலியோ காஸ்ட்ரோநெவெஸ், அலெக்ஸாண்டர் ராஸி ஆகியோருடன் சேர்ந்து அந்த ஆண்டு டேடோனாவை வென்றார். இறுதிக் கட்டத்தில் ஸ்டீயரிங் ஆல்புகெர்க்கி கையில்தான் இருந்தது. துரத்தி வந்த காடிலாக்கின் டயர் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் பழுதானது. அந்தக் காட்சியைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவர் மன்னித்தார் என்பது அவருடைய பெருந்தன்மையைப் பற்றிய செய்தி. 2017இன் முதல் வளைவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அன்று 5ஆம் எண் காரில் அவரோடு மாறி மாறி ஓட்டிய ஜோவாவ் பார்போஸாவுக்கும் கிறிஸ்டியன் ஃபிட்டிபால்டிக்கும் அந்த 2017 வெற்றி இன்னும் வந்து சேரவில்லை.