சுழற்சி சென்சாரும் சில்க் போர்டு சிக்னலும்

பெங்களூரு ரோட்டுப் பள்ளத்தில் ஆட்டோ எப்படி ஆடுகிறது என்று போனின் ஜைரோஸ்கோப்பில் (சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) பதிவது சுலபம்தான். பைஃபாக்ஸ் மாதிரி சென்சார் பதிவு ஆப், ஒரு பட்டன், அளவுகள் அட்டவணையாக வரும் சிஎஸ்வி கோப்பு. தலைவலி அப்புறம்தான்.

திரையை அணைத்துப் பாக்கெட்டில் போட்டால் பதிவு நின்றுவிடலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணியில் ஓடும் ஆப்புக்கு இந்த சென்சார் தகவலே போகாது. சில்க் போர்டில் தொடங்கி மாரத்தஹள்ளியில் இறங்கிப் பார்த்தால் முதல் மூன்று நிமிஷம்தான் இருக்கும். ஆப் நிரந்தர அறிவிப்போடு ஓட வேண்டும், பேட்டரி சிக்கனத்திலிருந்து விலக்கு வேண்டும். இதையெல்லாம் யார் முன்கூட்டியே சொல்கிறார்கள்?

100 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 100 அளவு, கேட்டால் 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று வரும் என்று நம்பாதீர்கள். 9, 11, திடீரென்று 30. வரிசை எண்ணை நேரமாக எடுத்துக்கொண்டு ஃபூரியே (ஆட்டத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் அதிர்வெண் தப்பாகும். நேர முத்திரையை வைத்துச் சம இடைவெளிக்கு மாற்றிய பிறகே கணக்கு.

அலகு இன்னொரு கூத்து. ஆண்ட்ராய்டு ஆப்புக்குக் கொடுப்பது ரேடியன்/செகண்ட். அதே போனில் பிரவுசர், devicemotion வழியாக எடுத்தால், தருவது டிகிரி/செகண்ட். 57.3 மடங்கு வித்தியாசம்!

கோணம் வேண்டுமென்று சுழலும் வேகத்தை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் (தொகையிடல்) அடுத்த அடி. சென்சாரில் எப்போதும் இருக்கும் 0.01 ரேடியன்/செகண்ட் பிழை, அசையாத போனை ஒரே நிமிஷத்தில் 34 டிகிரி திருப்பிக் காட்டும். தொடங்கும்முன் 10 செகண்ட் மேஜையில் அசையாமல் வைத்துப் பதிந்து, அந்த அளவுகளின் சராசரியைக் கழிக்க வேண்டும். போன் சூடானால் அந்தச் சராசரியும் நகரும். வெயிலில் டேஷ்போர்டில் ஒட்டினால் கேட்கவே வேண்டாம்.