மெல்லவும் முடியல, விழுங்கவும் முடியல
மாயா என்கிற 3டி அனிமேஷன் மென்பொருளுக்குள் பைத்தான் நிரல்மொழி வந்தது 2007-இல், 8.5 பதிப்பில். இத்தனை வருஷம் ஆகியும் மாயாவின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியான மெல் (MEL) ஒழிந்தபாடில்லை. மெனுவில் எதையாவது கிளிக் செய்து அது என்ன கட்டளை என்று ஸ்கிரிப்ட் எடிட்டரில் பார்த்தால், எல்லாம் மெல்லில்தான் கொட்டும். அதை உட்கார்ந்து பைத்தானுக்கு மாற்றுவது யார், என் தாத்தாவா? சரி, மெல்லையே பைத்தானுக்குள் ஓட்டலாம் என்று அதற்கான இவால் (eval) ஃபங்ஷனைக் கூப்பிட்டால் மொத்தக் கட்டளையையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கட்டிக் கொடுக்க வேண்டும், உள்ளே மேற்கோள் குறி வந்தால் அதற்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\), மெல்லிலிருந்து பைத்தானைக் கூப்பிட்டாலும் பேக்ஸ்லாஷ், விண்டோஸ் ஃபைல் பாத் வந்துவிட்டாலோ பேக்ஸ்லாஷுக்கே பேக்ஸ்லாஷ்!

மாயா விண்டோவின் கீழே ஓடும் புரோகிரஸ் பார் இருக்கிறதே, அதன் பெயர் மெல்லின் குளோபல் வேரியபிளில் உட்கார்ந்திருக்கிறது. பைத்தான் நேராகக் கேட்டால் கிடைக்காது. மெல்லில் இன்னொரு டம்மி வேரியபிளுக்கு அதைத் தூக்கிப் போட்டு, அந்த விடையை இவால் வழியாக வாங்க வேண்டும். ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத மாமியார் மருமகளுக்கு நடுவில் தூது போகிற பிழைப்பு. இதில் அரைப்புள்ளி வைக்க மறந்தால் மெல் கத்துவாள், இன்டென்ட் (வரித் தொடக்க இடைவெளி) பிசகினால் பைத்தான். 2022 பதிப்பில் பைத்தான் 3-க்கு மாறியபோது பழைய பிரிண்ட் வரியெல்லாம் செத்தது தனிக்கதை. மெல்லுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது.