க்ளூனியில் இரண்டு நாள்: அமைதியான ஊர் என்று நாம் சொல்வது எதை?

சென்ற நவம்பரில் ஒரு வார இறுதியை பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள க்ளூனி என்ற சிற்றூரில் கழித்தேன். எடுத்த படங்களை நண்பர்களுக்கு அனுப்பியபோது, ஏறக்குறைய எல்லாரும் ஒரே மறுமொழியைத்தான் எழுதினார்கள்: "என்ன அமைதியான ஊர்! நீ கொடுத்து வைத்தவள்." போன முதல் நாள் மாலையில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டாம் நாள் முடிவதற்குள் அந்த வார்த்தையின்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் லியோனில் முதுகலை படிக்கிறேன். அங்கிருந்து சோன் ஆற்றங்கரையிலுள்ள மகோன் வரை ரயிலில் போய், அதன்பின் பேருந்து பிடிக்க வேண்டும். க்ளூனிக்கு ரயில் கிடையாது. முன்பு இருந்தது. அந்தத் தண்டவாளங்களை அகற்றிவிட்டு, க்ளூனியிலிருந்து ஜிவ்ரி வரை 44 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டிப் பாதை அமைத்து 1997இல் திறந்தார்கள். பழைய ரயில் நிலையக் கட்டிடம் அந்தப் பாதையின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. பாரிசையும் லியோனையும் இணைக்க 1981இல் திறக்கப்பட்ட அதிவேக ரயில் பாதையோ இந்த ஊருக்கு வெகு அருகில்தான் போகிறது, ஆனால் இங்கே நிற்பதில்லை. மிதிவண்டிப் பாதை அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சனிக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் அதில் நடந்தேன், வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளிகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அப்போது காதில் விழாமல் போனவற்றில் ஒன்று ரயிலின் ஓசை என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த ஊர் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை அறிந்தால் இன்றைய அமைதி இன்னும் விசித்திரமாகத் தோன்றும். 910ஆம் ஆண்டில் அக்விதேன் கோமகன் வில்லியம் இங்கே ஒரு துறவற மடத்தை நிறுவினார். இரு நூற்றாண்டுகளுக்குள் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி என்று ஐரோப்பா எங்கும் நூற்றுக்கணக்கான மடங்கள் இதன் ஆளுகைக்குள் வந்தன. மடம் தனக்கென 1088இல் கட்டத் தொடங்கிய மூன்றாவது கோயிலின் நீளம் 187 மீட்டர். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை. அதன் தலைமைப் பலிபீடத்தை 1095இல் புனிதப்படுத்திய திருத்தந்தை (போப்) இரண்டாம் அர்பன் இதே மடத்தில் துறவியாக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1798இல் கோயில் வணிகர்களுக்கு விற்கப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் அதைக் கல் கல்லாகப் பெயர்த்தும் வெடி வைத்துத் தகர்த்தும் விற்றார்கள். இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முன்வாசல் இருந்த இடத்தில் தூண்களின் அடிப்பகுதிகள் மட்டும் தெரிகின்றன. அங்கிருந்து, இன்னும் நிற்கும் தென்புறக் குறுக்குச் சிறகு (சிலுவை வடிவக் கோயிலின் ஒரு கை) வரை நான் அடி எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தேன், நடுவில் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். வழியில் சாலை குறுக்கிடுகிறது, வீடுகள் வருகின்றன, நெப்போலியன் காலத்தில் இடிபாட்டுக் கற்களைக் கொண்டே எழுப்பிய குதிரைப் பண்ணை வருகிறது. ஊரின் மௌனத்தில் பாதி, கோயில் இல்லாமல் போன அந்த வெற்றிடத்தின் மௌனம் என்றே எனக்குப் பட்டது.

துறவிகளின் மௌனமோ வேறு வகையைச் சேர்ந்தது. அவர்கள் ஒரு நாளின் பெரும்பகுதியைப் பாடலிலும் செபத்திலும் கழித்தவர்கள், மணியோசைக்கும் குறைவிருந்திருக்காது. பேசக் கூடாத வேளைகளில் மட்டும் கையசைவுகளால் பேசிக்கொண்டார்கள். அந்தச் சைகைகளின் பட்டியல் 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மீன் வேண்டுமென்றால் கையை நீரில் வாலசைப்பதுபோல் அசைக்க வேண்டும். பால் வேண்டுமென்றால் சுண்டுவிரலை உதட்டில் வைத்துக் குழந்தையைப் போலச் சப்ப வேண்டும். ரொட்டி வேண்டுமென்றால் இரு கைகளின் விரல்களையும் சேர்த்து ஒரு வட்டம் காட்ட வேண்டும். (என் பிரெஞ்சு இன்னும் தள்ளாடும் நிலையில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை ரொட்டிக் கடையில் சொல் மறந்து நான் காட்டியதும் ஏறக்குறைய அதே வட்டம்தான். கடைக்காரம்மா சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்.)

அன்று நண்பகலுக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. முந்தைய நாள் காலைச் சந்தையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வாங்க முண்டியடித்த ஊரா இது என்று கேட்கும்படி தெரு வெறிச்சோடியது. இங்கே படிக்க வரும் இந்திய மாணவர்கள் முதலில் எரிச்சலடைவது இதைக் கண்டுதான், நானும் அடைந்திருக்கிறேன். ஆனால் இது சோம்பேறித்தனம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதைத் தொழிலாளர்கள் போராடி 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெற்றார்கள்; அந்த நாள் பொதுவாக ஞாயிறாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் வகுத்தது. க்ளூனியில் நான் கண்ட மௌனங்களில் முழு மனதோடு பாராட்டத் தோன்றியது இது ஒன்றைத்தான், ஏனென்றால் இது அங்கே வேலை செய்பவர்கள் கேட்டு வாங்கியது.

ரயில் போனதால் வந்த மௌனத்தையும், கோயில் இடிந்ததால் வந்த மௌனத்தையும், பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் பெருநகரங்களுக்குப் போய்விட்டதால் மாலை ஆறு மணிக்கே ஜன்னல் கதவுகளை மூடும் முதியவர்களின் மௌனத்தையும் இதனோடு சேர்த்து "அமைதி" என்று ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரின் மக்கள்தொகை சுமார் 5,000. மடத்தின் பழைய கட்டிடங்களில் ஒரு பொறியியல் கல்லூரி நடப்பதால் இளைஞர்கள் அறவே இல்லாமல் போகவில்லை, ஆனால் வார இறுதியில் அவர்களில் பலரும் ஊரில் தங்குவதில்லை. நான் தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய அம்மையார். "அமைதியான ஊர்" என்று நான் என் அரைகுறை மொழியில் புகழ்ந்தபோது, "குளிர்காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியை ஊற்றினார்.

என்னோடு படிக்கும் நண்பர்கள் ஒரு வார இறுதியில் இரண்டு தலைநகரங்களைப் பார்த்து முடிக்கிறார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் ஓடினேன். அவர்களிடம் க்ளூனிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் ஓய்வெடுப்பதற்காக மட்டும் போக வேண்டாம். ஓர் ஊர் ஏன் மௌனமாக இருக்கிறது என்று அந்த ஊரிடமே கேட்டுப் பார்க்க இரண்டு நாள் மிகவும் குறைவு, எனக்கே போதவில்லை.

ஞாயிறு மாலைப் பேருந்துக்குப் பதினைந்து பேர் போல நின்றிருந்தோம். ஏறியவர்களில் பெரும்பாலானோர் என் வயதுக்காரர்கள், கையில் பெரிய பைகளோடும் வீட்டில் கட்டிக் கொடுத்த உணவோடும். வழியனுப்ப வந்த பெற்றோர்கள் பேருந்து திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டே நின்றார்கள்.